மெசின் வரும் பின்னே, 180 நாள் கடிதம் வரும் முன்னே

திருகோணமலை நகரில் ஒரு சின்னக் கணக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை. எங்களிடம் வருபவர்கள் எல்லோரும் சிறு முதலாளிகள்: என்.சி. வீதிக் கடைக்காரர்கள், உப்புவெளிப் பக்கம் விடுதி நடத்துபவர்கள், பேக்கரிக்காரர்கள், லொறி வைத்திருப்பவர்கள், ஒரு அரிசி ஆலை. அவர்களுடைய ஆட்களுக்கு மாதாமாதம் சம்பளப் பட்டியல் போடுவது, ஊழியர் சேமலாப நிதிக்கான (ஈ.பி.எஃப்.) சீ படிவம் நிரப்புவது, ஊழியர் நம்பிக்கை நிதி (ஈ.டி.எஃப்.) கட்டுவது, வருட முடிவில் கணக்குகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது, இதுதான் என் பாடு. ஊரில் எல்லோருடைய சம்பளமும் எனக்குத் தெரியும் என்று சொன்னால் மிகை. ஆனால் வீதியில் எதிரே வருகிறவருக்குப் போன மாதம் எத்தனை நாள் நோ பே என்று சம்பளத்தை வெட்டினார்கள் என்பது பல நேரம் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கும்.

கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் மகன் போன் எடுக்கும்போதெல்லாம் ஒரே கதைதான். "ஏஐ வந்திட்டுது அக்கா, முதல்ல போறது உங்கட வேலைதான்." அவன் சொல்வது பிழையில்லை. சர்வதேச தொழில் அமைப்பு 2023 இல் வெளியிட்ட ஆய்வும் அதையேதான் சொன்னது: இந்தப் புதிய தொழில்நுட்பம் அதிகமாகத் தொடக்கூடியது எழுதுவினைஞர் வேலைகளைத்தான். அவற்றில் பெண்கள் அதிகம் என்பதால் அடியும் பெண்களுக்கே அதிகம். நான் எழுதுவினைஞர், நான் பெண். இரண்டு பெட்டியிலும் புள்ளடி விழுகிறது.

ஆனாலும் அவனுடைய பயம் எனக்கு முழுதாக ஒட்டவில்லை. காரணம், பட்டியலில் இருந்து பெயர்கள் காணாமல் போவதை நான் வருடக்கணக்காகப் பார்த்து வருகிறேன். ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் என்று ஒரு ஒழுங்கில் போகும். பதிலுக்குப் புதுப் பெயர் வரும். சில வேளை போன பெயரே புது இலக்கத்தோடு திரும்பி வரும். அந்த இடங்கள் எதிலும் மெசின் வரவில்லை. கொம்பியூட்டர்கூடச் சரியாக வேலை செய்யாத இடங்கள் அவை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள், நான் சொல்ல வந்ததே அதுதான்.

1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம். வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்துவது பற்றியது. ஒழுக்கக் குற்றம் இல்லாமல், வேறு காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதானால் முதலாளி இரண்டில் ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும்: அந்தத் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி. அனுமதி கொடுத்தாலும் நட்டஈடு உண்டு. முதல் ஐந்து வருடச் சேவைக்கு வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம் என்று சூத்திரமே இருக்கிறது. அதற்கு மேற்பட்ட வருடங்களுக்கு வீதம் குறைந்துகொண்டு போகும், 2021 இல் உச்ச வரம்பை 25 இலட்சமாக உயர்த்தினார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு முதலாளி மெசின் வாங்குகிறார், பத்துப் பேர் தேவையில்லை என்கிறார். அது ஒழுக்கக் குற்றமா? இல்லை. அப்படியானால் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார். ஏஐ என்ற சொல்லை யாரும் கேள்விப்படாத காலத்தில், ஏஐ வந்து வேலையைப் பிடுங்கினால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வேலி இந்த நாட்டில் போட்டாகிவிட்டது. மெசின் வாங்காதே என்று அது தடுக்கவில்லை. வாங்கு, ஆனால் ஆளுக்கு விலை கொடுத்துவிட்டு வாங்கு என்றது. முதலாளிமார் சங்கங்கள் இந்தச் சட்டத்தை எடுத்துவிடச் சொல்லிப் பல வருடமாகக் கேட்டு வருகின்றன. எல்லாத் தொழிற் சட்டங்களையும் ஒன்றாக்குகிறோம் என்று 2023 இல் ஒரு வரைவு வந்தபோது தொழிற்சங்கங்கள் வீதிக்கு இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் வேலிக்கு இரண்டு ஓட்டை. ஒன்று, 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு இது செல்லாது. திருகோணமலையில் 15 பேருக்கு மேல் வைத்திருக்கும் தனியார் இடங்களை எண்ணிப் பாருங்கள், அதிக நேரம் எடுக்காது. துறைமுகத்தைச் சுற்றி உள்ள பெரிய ஆலைகள், சில ஆடைத் தொழிற்சாலைகள், பெரிய ஹோட்டல்கள், சுப்பர் மார்க்கெட்டுகள். மற்றதெல்லாம் நாலு பேர், ஆறு பேர் வேலை செய்யும் கடைகள். இரண்டாவது, 12 மாத காலத்துக்குள் 180 நாளாவது வேலை செய்திருக்காதவருக்கு இது செல்லாது. அந்த 180 என்ற எண்தான், அதைத் தொடுமுன் முடிந்துவிடுகிற, ஐந்து மாதமும் இருபத்தைந்து நாளும் என்ற விசித்திரமான நியமனக் கடிதங்களைப் பெற்றெடுத்தது. நான் பார்த்த கடிதங்கள் பலவற்றில் ஒரே வசனங்கள், ஒரே எழுத்துப்பிழை. யாரோ ஒருவர் தட்டச்சுச் செய்ததை ஊர் முழுக்கப் பிரதி எடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது ஓட்டையும் ஒன்று உண்டு, அது சட்டத்தில் எழுதியிருப்பதில்லை. மேன்பவர். பெரிய இடங்கள் சில தங்களுக்குத் தேவையான ஆட்களைத் தாங்களே எடுப்பதில்லை, ஆள் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவரிடம் எடுக்கின்றன. கணக்குப் புத்தகத்தில் அந்த ஆட்கள் சம்பளம் என்ற தலைப்பின் கீழ் வரமாட்டார்கள், சேவைக் கட்டணம் என்ற தலைப்பில் ஒற்றை வரியாக வருவார்கள். தண்ணீர் பில், செக்யூரிட்டி, ஆட்கள். முப்பது பேரின் வியர்வை ஒரு விலைப்பட்டியல். மெசின் வந்தால் அந்த ஒற்றை வரியைச் சுருக்கினால் போதும், ஆணையாளரும் தேவையில்லை, நட்டஈடும் தேவையில்லை. அதே புத்தகத்தில் மெசினுக்குத் தனித் தலைப்பு இருக்கும், சொத்து என்ற பகுதியில். அது தேய்வதற்கு வருமான வரியில் மூலதனக் கழிவும் உண்டு. கயிறு இழுத்த ஒருவரின் முதுகு தேய்ந்ததற்குக் கழிவு கேட்டு இதுவரை எந்த முதலாளியும் என்னிடம் வரவில்லை.

சம்பளத்துக்கு வருவோம். 2016 இல் முதன்முதலாக நாட்டுக்கென்று ஒரு ஆகக் குறைந்த சம்பளத்தைச் சட்டமாக்கினார்கள், மாதம் 10,000 ரூபாய். 2021 இல் 12,500. அதன் பிறகு வந்ததுதான் நாங்கள் எல்லோரும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற 2022. அந்த செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. டொலர் 200 இல் இருந்து 360க்குப் போனது. சட்டத்தில் இருந்த சம்பளம் எங்கே நின்றது தெரியுமா? அதே 12,500 இல்தான். 2024 செப்டம்பர் வரை அசையவில்லை. அப்போது 17,500 ஆனது, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. நாட்கூலி 1,200.

17,500 இல் இருந்து 27,000 என்று செய்தியில் வந்தபோது ஒரே பாய்ச்சல் மாதிரி இருந்தது. பட்டியல் போடுகிற எனக்கு அது அப்படித் தெரியவில்லை. அதற்கு முன்பே வரவுசெலவுத் திட்ட நிவாரணப் படி என்று 1,000 ரூபாயும் 2,500 ரூபாயும் தனித்தனி வரிகளாக இருந்தன. அவற்றையும் உள்ளே சேர்த்துத்தான் 27,000 ஆக்கினார்கள். உண்மையான உயர்வு 21,000 இல் இருந்து 27,000. அதையும் குறை சொல்லவில்லை, வந்தது நல்லதுதான். சில முதலாளிகள் என்ன செய்தார்கள் என்றால், முன்பு கொடுத்த வருகைக் கொடுப்பனவையும் சாப்பாட்டுக் காசையும் எடுத்து அடிப்படைச் சம்பளத்துக்குள் தள்ளிவிட்டார்கள். கடதாசியில் உயர்ந்தது, கையில் பெரிதாக உயரவில்லை.

30,000 இல் ஈ.பி.எஃப். 8 வீதம், 2,400 ரூபாய் கழியும். கைக்கு 27,600. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வறுமைக்கோடு அண்மைக் காலத்தில் ஆளொன்றுக்கு மாதம் 16,000 ரூபாயைச் சுற்றி நிற்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 64,000. ஆக, கணவனும் மனைவியும் இருவரும் சட்டம் சொன்ன சம்பளத்தை ஒழுங்காக வாங்கினாலும், இரண்டு பிள்ளைகள் இருந்தால், அந்த வீடு கோட்டுக்குக் கீழே. ஓவர்டைம் என்பது இங்கே மேலதிகம் இல்லை, சோறு.

இவ்வளவு மலிவான கூலிதான் எங்களை மெசினிடமிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறது என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. 2013 இல் ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் அமெரிக்காவின் வேலைகளில் 47 வீதம் தானியங்கி ஆகிவிடும் ஆபத்தில் இருப்பதாகக் கணித்தார்கள். பத்து வருடம் கழித்து, 2023 தொடக்கத்தில், அங்கே வேலையின்மை 3.4 வீதம். கணக்கை வாசித்தவர்கள் தொழில்நுட்பத்தால் முடிவதையும், முதலாளிக்குக் கட்டுப்படியாவதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஒரு பெட்டியைத் தூக்கி வைக்கும் இயந்திரக் கையை வாங்கி, மின்சாரம் கொடுத்து, பழுது பார்க்க கொழும்பிலிருந்து ஆள் எடுப்பிப்பதைவிட, மாதம் 100 டொலருக்கு மூதூரிலிருந்து ஒரு பிள்ளையை எடுப்பது லாபம். சரி, ஆனால் மலிவாக இருப்பதால் கிடைக்கும் பாதுகாப்பை ஒரு பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு நா வருவதில்லை. சம்பளம் கூடக் கேட்டால் மெசின் வரும் என்று மிரட்டுவதற்கு அது நல்ல ஆயுதம், அவ்வளவுதான்.

மலிவான கூலியே மெசினைக் கூட்டி வந்த கதையும் எங்கள் கரையில் இருக்கிறது. கரைவலை. நிலாவெளிக்கு அப்பால் குச்சவெளி வரை போனால் கரைவலைப் பாடுகள், அதாவது வலை இழுக்கும் இடங்கள், இருக்கின்றன. வள்ளத்தில் கொண்டுபோய் வலையை வளைத்துவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பார்கள். முன்பு 20, 30 பேர் வேண்டும். செலவு போக மிச்சத்தை வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு பகுதி, இழுத்தவர்களுக்கு ஒரு பகுதி என்று பிரிப்பார்கள். மீன் பட்டால் காசு, படாவிட்டால் கறிக்கு நாலு மீன். இப்போது பல இடங்களில் உழவு இயந்திரத்தில் வின்ச், அதாவது கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை, பூட்டி இழுக்கிறார்கள். ஆறேழு பேர் போதும். வின்ச் பலமாக இழுப்பதால் கடலடி கிளறப்படுகிறது, குஞ்சு மீனும் அள்ளுப்படுகிறது என்று மற்ற மீனவர்கள் முறைப்பாடு சொல்ல, தடை, அனுமதி, போராட்டம், மறுபடி தடை என்று வருடக்கணக்காக இழுபறி.

எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் இருக்கிறார், இளமையில் இருந்து கரைவலையில் நின்றவர். அவரிடம் வின்ச் பற்றிக் கேட்டால் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு: "வின்ச் வந்து ஆளைத் துரத்தேல்ல, பிள்ளை. ஆள் போனதாலதான் வின்ச் வந்தது. என்ட மூத்தவன் இந்தக் கயித்தைத் தொடமாட்டன் எண்டு கட்டாருக்குப் போனான். நான் ஏன் அவனை மறிக்க?" பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அதில எனக்குக் கோபமில்லை. பங்கு பிரிக்கேக்க மெசினுக்கும் ஒரு பங்கு எண்டு எடுக்கிறாங்கள். மெசின் என்ன, வீட்ட போய்ச் சோறு தின்னுதா?" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்தக் கடைசி வசனம்தான். மெசினுக்கும் ஒரு பங்கு. மெசினின் பங்கு எங்கே போகிறது என்று பார்த்தால், பாதி சம்மாட்டிக்குப் போகிறது, பாதி லீசிங் கம்பெனிக்குப் போகிறது. சம்மாட்டியும் கடனில்தான் நிற்கிறார். அந்த உழவு இயந்திரம் வலை இழுப்பவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமாக இருந்திருந்தால்? எங்கள் கரையில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இல்லாத கிராமம் அரிது. கூட்டம் போடுகின்றன, நிவாரணப் பெயர்ப்பட்டியல் எழுதுகின்றன. வின்ச் ஒன்றைச் சங்கத்தின் பெயரில் வாங்கி, அதன் பங்கை வயதுபோனவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்கு அது சிரிப்பதற்கான விஷயமாகத் தெரியவில்லை.

அம்பாப் பாட்டு அழிந்துவிட்டதே என்று கவலைப்படுபவர்களும் உண்டு. கயிறு இழுக்கும்போது பாடுவது. ஆவணப்படுத்தட்டும், நல்லது. ஆனால் அந்தப் பாட்டைப் பாடியவர்களின் உள்ளங்கையைப் பார்த்தவர்கள் அதைத் திரும்பக் கொண்டுவா என்று கேட்கமாட்டார்கள். கிண்ணியாவில் 2009 இல் பாலம் திறந்தபோது, பாதை என்ற மிதவைப் படகு ஓடிய காலம் நல்லது என்று யாரும் பாலத்தை மறிக்கவில்லை. மூச்சிழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் அம்மாவை வைத்துக்கொண்டு துறையில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

வயல் பக்கமும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். கந்தளாய், தம்பலகாமம், மூதூர் எல்லாம் இப்போது வெட்டு மெசின்தான். அருவி வெட்டுக்குப் போன பெண்களுக்கு வருடத்தில் இரண்டு போகம் கைக்கு நெல்லும் காசும் வந்தது, அது நின்றுவிட்டது. அவர்கள் போராடவில்லை, அவர்களுக்குச் சங்கம் இல்லை, சட்டமும் இல்லை. நாட்கூலிக்கு 180 நாள் எங்கே வரும்? பலர் கட்டார், குவைத் என்று வீட்டு வேலைக்குப் போனார்கள். மெசின் தம்பலகாமத்து வயலில் இறங்க, ஒரு தாய் குவைத்தில் வேறு யாருடைய பிள்ளையையோ குளிப்பாட்டுகிறாள். இந்த இரண்டையும் ஒரே புள்ளிவிபரத்தில் யாரும் போடுவதில்லை.

ஊரின் பழைய கதையையும் ஞாபகப்படுத்தலாம். 1957 இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது டொக்யார்ட் என்ற கப்பல் தளத்தின் வேலையை நம்பி இருந்த குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. என் அம்மப்பா அதைப் பற்றிச் சொல்லும்போது, கப்பல் போனது என்றுதான் சொல்வார், வேலை போனது என்று சொல்லமாட்டார். இன்றும் கப்பல் வருகிறது. கோதுமை, சீமெந்து செய்யும் கிளிங்கர், நிலக்கரி, எண்ணெய். எல்லாம் மூட்டை தூக்கத் தேவையில்லாத சரக்கு. உலகத்தின் நல்ல இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு, தூக்குவதற்குச் சாமான் இல்லாத ஊர் நாங்கள். சம்பூரில் சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது, 120 மெகாவாட். மின்சாரம் வரும், நல்லது. கட்டி முடிந்த பிறகு பலகைகளைத் துடைக்கவும் காவலுக்கும் எத்தனை பேர் வேண்டும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மெசின் என்றால் ஆளை வெளியே தள்ளுவது மட்டும் என்று நினைக்கக்கூடாது. உள்ளே வைத்துக்கொண்டு பிழிவதும் மெசின்தான். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, மூதூர்ப் பக்கம், ஒரு ஆடைத் தொழிற்சாலையில் ஹெல்பராகச் சேர்ந்தாள். அவளுடைய வேலை தைத்த துண்டில் தொங்கும் நூலை வெட்டுவது. புதுத் தையல் மெசின்கள் நூலைத் தாங்களே வெட்டிக்கொள்கின்றன. அதனால் ஹெல்பர்களைக் குறைத்தார்கள், அவளைத் தைக்கப் பழக்கினார்கள். இதுவரை நல்ல செய்திதான், கைத்தொழில் ஒன்று கிடைத்தது. பிறகு வரிசையின் தலைப்பில் ஒரு திரை மாட்டினார்கள். இந்த மணித்தியாலத்துக்கு டார்கெட் இவ்வளவு, முடிந்தது இவ்வளவு, குறைவது இவ்வளவு என்று சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். முன்பு சுப்பர்வைசர் மணிக்கொரு முறை வந்து ஏசுவார், இடையில் ஒரு மூச்சு விடலாம். திரை மூச்சு விடாது. "அவர் ஏசினா நாங்க அவரைப் பத்திக் கதைச்சுச் சிரிப்பம் அக்கா. அதைப் பத்தி என்ன கதைக்கிறது?" என்று அவள் கேட்டாள். டார்கெட்டைத் தொட்டால் அடுத்த வாரம் டார்கெட் கூடும். தொடாவிட்டால் ஊக்கத்தொகை போகும். ஒரு நாள் காய்ச்சல் என்று நின்றால் வருகைக் கொடுப்பனவு போகும்.

அவளுக்குக் கொடுத்திருந்ததும் ஐந்து மாதம் இருபத்தைந்து நாள் கடிதம்தான். முடிந்ததும் ஒரு கிழமை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டு, புது இலக்கத்தில் திரும்ப எடுத்தார்கள். அதுவும் முடியப் போகும் நேரத்தில் ஓடர் குறைவு என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடிதங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். சட்டம் கேட்பது 12 மாதத்துக்குள் மொத்தம் எத்தனை நாள் என்பதைத்தான். நடுவில் ஒரு கிழமை நிறுத்தி வைத்தால் எண்ணிக்கை பூச்சியத்தில் இருந்து தொடங்கும் என்று அதில் எழுதவில்லை. குறித்த காலக் கடிதம் தானாகவே முடிந்தது என்று முதலாளி பக்கம் வாதாடும், திரும்பத் திரும்பக் கொடுத்த கடிதம் உண்மையில் நிரந்தர வேலைக்குப் போட்ட முகமூடியா என்று மறுபக்கம் கேட்கும். வெற்றி நிச்சயம் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு எழுதிக் கொடு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வை என்றேன். எழுதிக் கொடுத்தாள். அவளோடு நிறுத்தப்பட்ட மற்றவர்கள் வரவில்லை. வேறு இடத்தில் வேலை கிடைக்காமல் போய்விடும் என்ற பயம்.

அவளுடைய தம்பி கொரிய மொழி வகுப்புக்குப் போகிறான். ஊரில் இளைஞர்கள் பாதிப் பேரின் கனவு இப்போது கொரியாவுக்கு வேலைக்குப் போக எழுதும் அந்த மொழிப் பரீட்சைதான். கொரியாவைப் பற்றி ஒரு விஷயம்: சர்வதேச ரோபோ கூட்டமைப்பின் கணக்கில் உலகிலேயே ரோபோ அடர்த்தி கூடிய நாடு அது, 2023 இல் உற்பத்தித் தொழிலாளர் 10,000 பேருக்கு 1,012 ரோபோ. மெசின் வந்தால் ஆள் தேவையில்லை என்பது முழு உண்மையாக இருந்தால் அந்த நாட்டில் மனிதனுக்கு வேலையே இருக்கக்கூடாது. அவர்களோ 2004 இல் இருந்து எங்களிடம் வந்து ஆள் எடுக்கிறார்கள். அங்கே 2026 இல் மணித்தியாலத்துக்கு ஆகக் குறைந்த கூலி 10,320 வொன். எங்கள் காசில் 2,000 ரூபாய்க்கு மேல். இங்கே ஒரு முழு நாளைக்கு 1,200. ரோபோவுக்குப் பக்கத்தில் நின்று அங்கே ஒரு மணித்தியாலம் உழைத்தால், ரோபோவே இல்லாத இங்கே ஒரு நாளைக்கு மேல் உழைத்த காசு. அங்கேயும் கைவிரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள், சம்பளம் கொடுக்காமல் ஏமாற்றும் முதலாளிகளும் இருக்கிறார்கள், சொர்க்கம் இல்லை. ஆனால் கனடாத் தம்பி அடுத்த முறை போன் எடுக்கும்போது இந்தக் கணக்கைத்தான் சொல்லப்போகிறேன்.

என் வேலையைப் பற்றி அவன் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. முன்பு எங்கள் அலுவலகத்தில் நாங்கள் மூன்று பெண்கள். பில்களை ஒவ்வொன்றாகப் பதிவது, வங்கிக் கூற்றோடு ஒத்துப் பார்ப்பது எல்லாம் கையால். இப்போது படம் எடுத்துப் போட்டால் மென்பொருள் பாதியைப் பதிந்துவிடுகிறது, மிச்சத்தை நான் திருத்துகிறேன். ஒருத்தி கல்யாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போனாள். அவளுடைய கதிரைக்கு ஆள் எடுக்கவில்லை. யாரையும் நிறுத்தவில்லை, யாருக்கும் கடிதம் கொடுக்கவில்லை, ஆணையாளரிடம் போக ஒன்றுமில்லை. அந்தக் கதிரையில் இப்போது பிரின்டர் இருக்கிறது. அடுத்த வருடம் ஏ லெவல் வணிகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்துவிட்டு இங்கே வேலை கேட்டு வரப்போகும் ஏதோ ஒரு பிள்ளைக்குத்தான் அந்த இழப்பு, அது அவளுக்குத் தெரியப்போவதும் இல்லை. எந்தச் சட்டத்தாலும் பிடிக்கமுடியாத இந்த வழியாகத்தான் ஏஐ எங்கள் ஊருக்குள் வரும் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் வேலியை இப்போதே அடைக்க வேண்டும் என்கிறேன். 15 பேர் என்ற வரம்பைக் குறைக்கலாம். மேன்பவர் ஆளுக்கு அவர் உண்மையில் வேலை செய்யும் இடமும் பொறுப்பு என்று எழுதலாம். 180 நாள் கடிதத்தை இரண்டாம் முறை கொடுத்தால் அது நிரந்தர நியமனமாகக் கருதப்படும் என்று ஒரு வரி சேர்க்கலாம். இவற்றுக்கு விஞ்ஞானம் தேவையில்லை. தொழில் உத்தியோகத்தர்கள் இன்னும் கொஞ்சப் பேரும், அவர்களுக்கு ஓடித் திரிய வாகனமும் இருந்தால் ஏற்கெனவே உள்ள சட்டத்திலேயே பாதி நடக்கும். ஈ.பி.எஃப். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டியது. தற்காலிகம், நாட்கூலி, பயிற்சி என்று என்ன பெயர் வைத்தாலும் அதுதான். முதலாளியின் 12 வீதமும் அதோடு சேர வேண்டும். இது 1958 ஆம் ஆண்டுச் சட்டம். இன்னும் பாதிக் கடைகளில் மூன்று மாதம் போகட்டும் பார்ப்போம் என்கிறார்கள்.

மூதூர்ப் பிள்ளையின் விசாரணை ஒருமுறை தள்ளிப்போய் இன்னொரு தவணை கொடுத்திருக்கிறார்கள். இடையில் சும்மா இருக்க முடியாதென்று நகரத்தில் ஒரு துணிக்கடையில் நாட்சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டாள். போன கிழமை வந்து, "இங்கயும் ஈ.பி.எஃப். கேக்கலாமா அக்கா? கேட்டா நிப்பாட்டிடுவாங்களோ?" என்றாள். கடையின் பெயரைச் சொன்னாள். அந்தக் கடையின் சம்பளப் பட்டியல் என் மேசைக்குத்தான் வருகிறது, அதில் அவளுடைய பெயர் இல்லை. மாத முடிவில் கணக்கு எடுத்து வந்த முதலாளியிடம், கடையில் புதிதாக ஆள் நிற்கிறதே, பெயரையும் சேர்த்துப் போடட்டுமா என்று கேட்டேன். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. "பாப்பம் தங்கச்சி, அடுத்த மாசம் பாப்பம்" என்றார். அடுத்த மாதப் படிவத்தில் ஒரு வரியை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன். அவர் வந்ததும் மறுபடி கேட்பேன்.